கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்: சில வருடம் ஓட்டிய பிறகு

நாங்கள் ஒரு சின்ன டீம், ஆன்லைன் கடை ஒன்றின் வலைத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறோம். கோடில் மாற்றம் வந்தால் சோதனைகளைத் தானாக ஓட்டுகிற கிட்ஹப்பின் வசதிதான் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், அதைத்தான் பயன்படுத்துகிறோம். யார் புல் ரிக்வெஸ்ட் (கோடில் செய்த மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) போட்டாலும் முதலில் லின்ட் (கோடின் எழுத்துமுறையைச் சரிபார்ப்பது), அப்புறம் யூனிட் டெஸ்ட் (சின்னச் சின்னப் பகுதிகளுக்கான சோதனை), பில்ட், கடைசியாக பிளேரைட் என்ற சோதனைக் கருவி நிஜமான பிரவுசரைத் திறந்து கார்ட்டில் பொருளைப் போட்டு செக்அவுட் வரைக்கும் போய்ப் பார்க்கும். எல்லாம் பாஸாகிப் பச்சையானால்தான் மாற்றத்தைச் சேர்க்கும் மெர்ஜ் பட்டன் திறக்கும். இதே வேலையைச் செய்யும் ஜென்கின்ஸ் பற்றியும் யோசித்தோம், ஆனால் அதற்கென்று தனி சர்வரும் அதைப் பராமரிக்க ஓர் ஆளும் வேண்டும், எங்களிடம் இரண்டும் கிடையாது.

அமைப்பதில் பெரிய சிரமம் இல்லை, என்னென்ன ஓட வேண்டும் என்று எழுதிய ஒரு யாமல் (YAML) கோப்பு, அவ்வளவுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அதில் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை இறக்க என்பிஎம் இன்ஸ்டால் (npm install) என்று எழுதாமல் என்பிஎம் சிஐ (npm ci) என்று எழுதுங்கள். பேக்கேஜ் வெர்ஷன்களைப் பூட்டிவைக்கும் லாக் (lock) கோப்பில் என்ன வெர்ஷன் இருக்கிறதோ அதையே போடும், பேக்கேஜ் கோப்போடு அது ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். நிற்பதுதான் நமக்கு வேண்டும்.

நிஜமான தலைவலி, காரணமே இல்லாமல் சிவப்பாகிற டெஸ்ட்கள். எங்களிடம் ஒன்று இருந்தது. டெலிவரி தேதி 'நாளை' என்று சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் டெஸ்ட். பகலில் கோடைப் புஷ் செய்தால் பாஸ், நள்ளிரவு தாண்டி செய்தால் ஃபெயில், காலையில் எழுந்து ரீரன் கொடுத்தால் மறுபடி பாஸ். ரன்னரின் (டெஸ்ட்களை ஓட்டும் கிட்ஹப்பின் கணினி) கடிகாரம் உலகப் பொது நேரமான யுடிசியில் ஓடுகிறது, தளத்தின் கோடோ இந்திய நேரத்தைப் பார்த்து 'இன்று' எது என்று முடிவு செய்கிறது, நம் ஊரில் இரவு 12 மணியிலிருந்து காலை 5.30 வரை அங்கே இன்னும் முந்தைய நாள்தான். டைம்சோனை ஏசியா/கொல்கத்தா என்று வைத்து, டெஸ்டுக்குள் நேரத்தை ஒரே இடத்தில் நிறுத்திவைத்ததும் அடங்கியது. அதற்குள் டீமில் எல்லோருக்கும் 'ஓ அதுவா, ரீரன் கொடு' என்று வாய்க்குப் பழகிவிட்டது, அதுதான் ஆபத்து. ஒருமுறை அப்படிப் பழகிவிட்டால் உண்மையான சிவப்பையும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இப்போது எங்கள் வழக்கம், தேவையில்லாமல் விழுகிற டெஸ்டை அன்றைக்கே சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் தூக்கிவிட வேண்டும்.

இப்படி விழுகிற டெஸ்டின் காரணத்தைக் கண்டுபிடிக்க பிளேரைட் பதிவுசெய்யும் டிரேஸ் கோப்பு ரொம்ப உதவுகிறது. ஒவ்வொரு கிளிக்குக்கும் முன்னும் பின்னும் பக்கம் எப்படி இருந்தது என்று நகர்த்தி நகர்த்திப் பார்க்கலாம். மொபைல் அகலத்தில் சாட் ஐகான் போய் 'பணம் செலுத்து' பட்டன் மேல் உட்கார்ந்திருந்ததை அப்படித்தான் பிடித்தோம். எழுத்து வடிவப் பதிவை (log) எவ்வளவு படித்திருந்தாலும் அது தெரிந்திருக்காது.

காசு விஷயம். கோடு இருக்கும் ரெப்போ எல்லோருக்கும் திறந்ததாக இருந்தால் சாதாரண ரன்னர்கள் இலவசம், பிரைவேட் என்றால் இலவசத் திட்டத்தில் மாதம் 2,000 நிமிடம். ஒரு ஜாப் தொங்கிவிட்டால் தானாக நிற்க 6 மணி நேரம் ஆகும், அதாவது ஒரே அடியில் 360 நிமிடம் காலி. டைம்அவுட்டை 15 நிமிடம் என்று முதல் நாளே போட்டுவிடுங்கள். அதே பிராஞ்சில் புது கமிட் (சேமித்த மாற்றம்) வந்தால் பழைய ஓட்டத்தை ரத்து செய்கிற அமைப்பும் இருக்கிறது, அதையும் போடுங்கள்.

அடுத்தவர் எழுதிய ஆக்‌ஷன்களை (யாமலில் சேர்க்கிற ஆயத்த நிரல்கள்) எடுத்து ஒட்டும்போது கொஞ்சம் கவனம். 2025 மார்ச்சில் டிஜே-ஆக்‌ஷன்ஸ் சேஞ்ச்டு-ஃபைல்ஸ் என்ற ஆக்‌ஷனில் யாரோ புகுந்து, பழைய வெர்ஷன்களைக் குறிக்கும் டேக் பெயர்களையே தீய கமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள், பயன்படுத்தியவர்களின் ரகசியச் சாவிகள் பில்ட் பதிவில் (log) கொட்டின. அதற்குப் பிறகு நாங்கள் டேக் பெயரை நம்புவதில்லை, குறிப்பிட்ட கமிட்டின் மாறாத நீண்ட அடையாள எண்ணான முழு ஹாஷையே எழுதுகிறோம். படிக்க அசிங்கமாகத்தான் இருக்கும்.

பேமெண்ட் டெஸ்ட்களை மட்டும் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டுக்கும் ஓட்டுவதில்லை, ரொம்ப மெதுவு. இரவு 2 மணிக்குத் தனியாக ஓடுகின்றன, நேரம் குறித்து ஓட்டும் கிரானும் இயல்பாக யுடிசிதான் என்பதால் 20.30 என்று எழுத வேண்டியிருந்தது. காலையில் அந்த ரிசல்ட்டை யார் பார்ப்பது என்பதில் மட்டும் இன்னும் தகராறு ஓயவில்லை.