நீலகிரி மலைப்பாதைக்கு ஆஸ்மேண்ட் செயலி: எதை நம்பலாம், எதை நாமே திருத்த வேண்டும்

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாகப் போனால் சுமார் 30 கி.மீ. கூடலூர், தெப்பக்காடு சுற்றிப் போனால் 70 கி.மீ.க்கு மேல். தூரமும் நேரமும் மட்டும் பார்க்கிற எந்தச் செயலியும் கல்லட்டியைத்தான் எடுக்கும். ஆனால் கல்லட்டி இறக்கம் தொடங்கும் தலைக்குந்தாவில், நீலகிரி மாவட்டத்து டிஎன் 43 பதிவெண் இல்லாத காரைக் கீழே இறங்க விடமாட்டார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் பிடிக்காமல் போய் நடந்த விபத்துகளுக்குப் பிறகு வந்த கட்டுப்பாடு அது. ஏறி வரலாம், இறங்கக் கூடாது. ஒரே சாலை, ஒரு திசைக்கு மட்டும், அதுவும் நம்பர் பிளேட்டைப் பார்த்து மூடிக்கொள்கிறது. வழிகாட்டிச் செயலியைச் சோதிக்க இதைவிடக் கறாரான கேள்வி வேண்டாம்.

தன்னார்வலர்கள் வரையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்து, இணையம் இல்லாமலே வழிகாட்டும் ஆஸ்மேண்ட் இந்தக் கேள்வியில் தானாகத் தேறாது. ஆனால் தேற வைக்கலாம். அதற்கான திருகாணிகளை நம் கையில் கொடுத்திருப்பதுதான் இதன் பெருமை. அவற்றைத் திருகாமல் பயன்படுத்தினால் மலையில் இது சுமாரான செயலிதான்.

உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்தால் எதைத் திருகுவது என்பது விளங்கும். சந்திப்புகள் கணுக்கள், அவற்றை இணைக்கும் சாலைத் துண்டுகள் விளிம்புகள், ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு எடை, அதாவது அதைக் கடக்க ஆகும் நேரம். இந்த வலைக்குக் கோட்டுரு என்று பெயர். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956இல் ஆம்ஸ்டர்டாமில் யோசித்து 1959இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடித்தளம்: கிளம்பும் கணுவிலிருந்து ஆரம்பித்து, அதுவரையிலான மொத்த எடை குறைவான கணுவை முதலில் எடுத்து, வட்டம் விரிகிற மாதிரி தேடிக்கொண்டே போவது. 1968இல் வந்த ஏ-ஸ்டார் முறை, சேரவேண்டிய இடம் நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் என்ற ஊகத்தையும் சேர்த்து, அந்தத் திசையில் முதலில் தேடுகிறது. ஆஸ்மேண்ட் காலங்காலமாக நம்பியிருப்பது இந்த ஏ-ஸ்டாரைத்தான். சமவெளியில் இந்த ஊகம் அற்புதமாக வேலை செய்யும். ஊட்டிக்கும் மசினகுடிக்கும் நேர்க்கோட்டில் 19 கி.மீ.தான், நிஜ வழியோ அதைப்போல் மூன்றரை மடங்குக்கு மேலும் ஆகலாம். விடை தப்பாது, ஏனென்றால் நேர்க்கோடு எப்போதும் நிஜத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் தேடல் தேவையில்லாத மூலைகளுக்கெல்லாம் போய் வரும். பழைய போனில் சுற்றுகிற வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருப்பது அதனால்தான்.

இதற்கு மாற்று 2008இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் பீட்டர் சாண்டர்ஸின் குழுவிலிருந்து வந்தது. முக்கியமில்லாத கணுக்களை ஒவ்வொன்றாகச் சுருக்கி, குறுக்கு விளிம்புகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்துவிடுவார்கள். கண்டம் தாண்டும் வழிகூட மில்லிநொடிகளில் கிடைக்கும். விலை என்னவென்றால், எடைகள் உறைந்துபோகின்றன. ஒரு விளிம்பின் எடையை மாற்றினால் சுருக்கும் வேலையை மறுபடி செய்ய வேண்டும். மலையில் நமக்கு வேண்டியது மில்லிநொடி அல்ல, எடையை மாற்றும் உரிமை. ஆஸ்மேண்டின் மெதுவை அந்த ஒரு காரணத்துக்காக மன்னிக்கலாம்.

கொண்டை ஊசி வளைவு விஷயம் சுவாரசியமானது. அது கோட்டுருவில் கணுவே இல்லை. இரண்டு பக்கமும் வேறு கிளை இல்லாததால், வளைவு என்பது விளிம்புக்குள் வரைந்த கோணல், அவ்வளவுதான். திரும்பும் செலவு சந்திப்புகளில் மட்டும் கூட்டப்படுகிறது. கல்லட்டியின் 36 வளைவுக்கும் ஆளுக்கு 20 நொடி வைத்தாலே 12 நிமிடம். செயலியின் கணக்கில் அது பூஜ்யம். மலையில் காட்டும் நேரம் எப்போதும் குறைவாக இருப்பதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம், சாலை வகைக்கு ஏற்ற வேகம். மேட்டுப்பாளையம், குன்னூர், ஊட்டி, கூடலூர் வழியாகப் போகும் என்எச் 181 வரைபடத்தில் தேசிய நெடுஞ்சாலை. பர்லியாறுக்கு மேலே லாரிக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அதில் நெடுஞ்சாலை வேகம் ஏது?

இதைத் திருத்தப் பலரும் செய்வது, கார் புரொஃபைலில் வாகன அளவுருக்கள் பகுதிக்குப் போய் அதிகபட்ச வேகத்தை 30 ஆக்குவது. செய்யாதீர்கள். வேக உச்சவரம்பை அவ்வளவு இறக்கினால் நெடுஞ்சாலையும் தேயிலைத் தோட்டத்துச் சந்தும் ஒரே வேகமாகிவிடும். அப்புறம் எடையில் வித்தியாசம் தூரத்தில் மட்டும்தான். செயலி இரண்டு கிலோமீட்டர் மிச்சம் பிடிக்க எஸ்டேட் சாலைக்குள் இழுத்துக்கொண்டு போகும். புரொஃபைலை நகலெடுத்து "மலை" என்று தனியாகப் பெயரிட்டு, உச்சவரம்பை 45க்குக் கீழே இறக்காமல் வைத்து, காட்டும் நேரத்தோடு மனசுக்குள் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்வதே மேல்.

எஸ்டேட் சாலைதான் நீலகிரியில் இந்தச் செயலியின் பெரிய பலவீனம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தன்னார்வலர் வரைந்த கோட்டில், பாதி வழியில் பூட்டிய கேட் இருப்பது தெரியாது. வரைபடத்தில் "தனியார்" என்று குறித்திருந்தால் தப்பிக்கலாம். குறிக்காமல் விட்டிருந்தால் அது பொதுச்சாலைதான். வழி அளவுருக்களில் தனியார் சாலை அனுமதியை அணைத்தே வையுங்கள். செப்பனிடாத சாலைகளைத் தவிர்ப்பதை இயக்குங்கள். அதோடு நின்றுவிடக் கூடாது. சாலையின் பரப்பு குறிக்கப்படாத இடத்தில் இந்த வடிகட்டி ஒன்றும் செய்யாது. வழி வந்ததும் விவரப் பக்கத்தைத் திறந்தால் சாலை வகை, பரப்பு ஆகியவை வண்ணப் பட்டைகளாகத் தெரியும். காருக்கான வழியில் "டிராக்" (தோட்டம், காட்டுக்குள் போகும் வண்டித்தடம்) என்று ஒரு நூறு மீட்டர் இருந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.

கல்லட்டிக்குத் தீர்வு: வரைபடத்தில் சாலையை அழுத்திப் பிடித்து, செயல்கள் பட்டியலில் "சாலையைத் தவிர்" என்பதைத் தட்டுவது. எங்கே அழுத்துவது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. தலைக்குந்தா பக்கமோ கல்லட்டி ஊருக்குள்ளோ அழுத்தினால், அந்த ஒரு துண்டை மட்டும் வெட்டிவிட்டு, பக்கத்துச் சந்து வழியாகச் செயலி மறுபடி அதே சாலையில் ஏறப் பார்க்கும். ஊருக்குக் கீழே, கிளையே இல்லாத வளைவுகளுக்கு நடுவில் அழுத்துங்கள். கூடலூர் சுற்றுவழியை விட்டுவிட்டுப் பார்த்தால், கோட்டுருவியலில் இப்படிப்பட்ட விளிம்புக்குப் பெயரே "பாலம்". அதை எடுத்தால் இரு பக்கமும் துண்டித்துவிடும். (மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலின் 46 கி.மீ. முழுக்கவும் அந்த அர்த்தத்தில் பாலம்தான். எங்கே மண் சரிந்தாலும் வண்டி நின்றுவிடும்.) தவிர்த்த சாலை பட்டியலில் அப்படியே இருக்கும், தானாக நீங்காது. திரும்பி மசினகுடியிலிருந்து மேலே வரும்போது மறக்காமல் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அனுமதி உள்ள ஏற்றத்தையும் விட்டுவிட்டுக் கூடலூர் சுற்ற வைக்கும்.

கோடை சீசன் ஒருவழிக்கு இது வேண்டாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்லும் நாட்களில், ஊட்டியிலிருந்து கிளம்பும்போது கோத்தகிரியில் ஓர் இடைப்புள்ளி வைத்தால் போதும். வழி இரண்டு துண்டாகக் கணக்கிடப்படும், எடைகள் கெடாது. நன்றாகப் பெரிதாக்கி, புள்ளி பிரதான சாலையின் மேலேயே விழுகிறதா என்று பாருங்கள். பத்து மீட்டர் தள்ளிச் சந்துக்குள் விழுந்தால், உள்ளே போய்த் திரும்பி வரச் சொல்லி அடம்பிடிக்கும். கொடைக்கானலுக்கும் இதே உத்திதான்: வத்தலக்குண்டுச் சாலையும் பழனிச் சாலையும் பெருமாள்மலையில் சேர்ந்துவிடுவதால், இடைப்புள்ளி அதற்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வைத்துப் பயனில்லை.

முதுமலை, பந்திப்பூர் வழியாக மைசூரு போகிறவர்களுக்கு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை. வழி அளவுருக்களில் தற்காலிகக் கட்டுப்பாடுகளைக் கருத்தில் கொள்ளும் விருப்பத்தை இயக்கினால், வரைபடத்தில் நேரம் குறிக்கப்பட்டிருக்கும் பட்சத்தில் அதை மதிக்கும். ஆனால் எந்த நேரத்தை வைத்துப் பார்க்கிறது? வழி கணக்கிடும் நேரத்தை. சோதனைச்சாவடியை அடையும் நேரத்தை அல்ல. மாலை 7.30க்கு ஊட்டியில் கேட்டால் சாலை திறந்திருப்பதாகவே சொல்லும். கூடலூர் இறங்கித் தெப்பக்காடு சேர்வதற்குள் கேட் விழுந்திருக்கும். இந்தக் கணக்கை நாமேதான் போட வேண்டும். இ-பாஸ் சமாச்சாரமும் அப்படியே: 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம், செயலிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

வரைபடம் இறக்கும்போது தமிழ்நாடு மட்டும் போதாது. மைசூருக்குக் கர்நாடகமும், நாடுகாணி வழியாக நிலம்பூர் போகக் கேரளமும் வேண்டும். ஒன்று இல்லாவிட்டால் எல்லையோடு கோட்டுரு அறுந்துவிடும். பிளே ஸ்டோரின் இலவசப் பதிப்பில் பதிவிறக்க எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. திறமூலச் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்தில் கிடைக்கும் பதிப்பில் அந்தத் தொல்லை இல்லை.

ஓட்டும்போது இன்னொரு கோளாறு. கொண்டை ஊசியின் மேல் கையும் கீழ் கையும் படத்தில் இருபது, முப்பது மீட்டர் இடைவெளியில் ஓடும். பாறைச் சுவரில் பட்டு வரும் ஜிபிஎஸ் சமிக்ஞை அந்த அளவுக்குச் சாதாரணமாகவே பிசகும். அம்புக்குறி கீழ்ச் சாலைக்குத் தாவி, "யூ டர்ன் எடுங்கள்" என்று கத்தும். வழி விலகினால் மறுகணக்கிடும் தூரத்தை 100 மீட்டருக்கு மேல் உயர்த்துங்கள். பாதித் தொல்லை ஓய்ந்துவிடும்.

சைக்கிள்காரர்களுக்கு ஆஸ்மேண்டோடு பிரவுட்டர் என்ற துணைச்செயலியைப் பொருத்துவதைச் சிபாரிசு செய்யலாம். அது உலகத்தை ஐந்துக்கு ஐந்து டிகிரிக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறது. இ75_என்10 என்ற ஒரே கட்டத்தில் நீலகிரியும் பழனி மலையும் அடங்கிவிடுகின்றன. கட்டத்தை இறக்கி, டிரெக்கிங் என்ற சைக்கிள் புரொஃபைலைத் தேர்ந்து, சர்வர் மோடில் சைக்கிள் முறைகளை டிக் செய்து, பிறகு ஆஸ்மேண்டின் வழிசெலுத்தல் வகையில் பிரவுட்டரைக் காட்டினால் முடிந்தது. உயரத்தை எடையில் சேர்ப்பதுதான் இதன் சிறப்பு. டிரெக்கிங்கில் முன்னிருப்பாக இறக்கத்துக்குத்தான் அபராதம்: 1.5 சதவீதத்தைத் தாண்டிய சரிவில் ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் 60 மீட்டர் கூடுதல் தூரம். ஏற்றத்துக்குப் பூஜ்யம். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் கணக்கு சரி. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு எந்த வழியில் இறங்கினாலும் நிகர இறக்கம் ஒன்றே. நடுவில் வீணாக ஏறி மறுபடி இறங்கும் உயரம்தான் வழிகளைப் பிரிக்கிறது. அதை ஏற்றத்தில் எண்ணினாலும் இறக்கத்தில் எண்ணினாலும் ஒப்பீடு பெரிதாக மாறாது.

மின்சாரக் கார் ஓட்டுபவர்களுக்கு இரண்டு செயலியிலும் குறை உண்டு. குன்னூரிலிருந்து இறங்கும்போது பேட்டரி ஏறுகிறது, அதாவது விளிம்பின் எடை மைனஸ். டைக்ஸ்ட்ராவின் முறை மைனஸ் எடையில் தவறும். உயரத்தையே ஓர் இருப்புக் கணக்காக வைத்து ஒவ்வொரு எடையையும் சரிக்கட்டினால் மைனஸ் மறைந்துவிடும் என்பது கணினி அறிஞர் டொனால்ட் ஜான்சன் 1977இல் காட்டிய உத்தியின் நேரடிப் பயன். சுற்றி வந்தே பேட்டரியை நிரப்பும் மலை எங்கும் இல்லாததால் அது இங்கே எப்போதும் செல்லும். ஆஸ்மேண்டின் கார் புரொஃபைலோ உயரத்தை வரைபடமாகக் காட்டுகிறது, எடையில் சேர்ப்பதில்லை.

நேரடிப் போக்குவரத்து நெரிசல் தகவல் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூர் சாலையில் மண் சரிந்ததும் இதற்குத் தெரியாது. டவர் கிடைக்கும் இடத்தில், நெரிசல் சொல்லும் வேறொரு செயலியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிக்னல் அறுந்த பிறகு, அவலாஞ்சி பக்கமோ முதுமலைக் காட்டுக்குள்ளோ, இது மட்டுமே கை கொடுக்கும். ஊட்டி டாக்ஸி ஓட்டுநருக்கு இது எதுவும் தேவையில்லை, அவர் மண்டைக்குள் இதைவிட நல்ல எடைகள் இருக்கின்றன.

பூட்டிய எஸ்டேட் கேட்டைக் கண்டால், செயலியின் ஓஎஸ்எம் (ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்) திருத்தச் செருகுநிரலில் அந்த இடத்திலேயே ஒரு குறிப்பு போடலாம். அல்லது வீட்டுக்கு வந்து கணினியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் கணக்கில் நுழைந்து, அந்தச் சாலையின் அனுமதியைத் "தனியார்" என்று மாற்றலாம். ஐந்து நிமிட வேலை. வரைபடங்கள் மாதம் ஒருமுறை இலவசமாகப் புதுப்பிக்கப்படுகின்றன. அடுத்த மாதக் கோப்பை இறக்கியவர் யாரையும் செயலி அந்தக் கேட்டுக்கு அனுப்பாது.