பி320 காம்பாக்ட்: தொழிற்சாலைக்கு அனுப்புவதா, டிரிக்கரை மட்டும் மாற்றுவதா?

சிக் சாவர் நிறுவனத்தின் பி320 கைத்துப்பாக்கியின் பழைய வடிவில் குறை டிரிக்கரின் (சுட விரலால் இழுக்கும் விசை) எடையில் இருந்தது. கீழே விழுந்து, ஸ்லைடின் (மேலே முன்பின் நகரும் உலோகப் பகுதி) பின்முனை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் தரையில் மோதினால், கைத்துப்பாக்கி நின்றுவிடும். கனமான டிரிக்கரோ அதே வேகத்தில் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும். விரல் படாமலே சுட்டுவிடும். கிளாக் என்ற வேறு நிறுவனத் துப்பாக்கியில் உள்ளதுபோல் டிரிக்கரின் முகப்பில் தடுக்கும் நாக்கும் இதில் இல்லை.

எடை குறைந்த டிரிக்கரைக் கடையில் வாங்கிப் பொருத்துவது விரைவான வழி. நகரும் எடை குறைவதால் ஆபத்தும் குறையும். ஆனால் ஸ்ட்ரைக்கரும் (தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஊசி), அதைப் பிடித்து வைக்கும் சியரும் பழையவையே.

2017 ஆகஸ்டில் நிறுவனம் அறிவித்த இலவச மேம்படுத்தலில் டிரிக்கர், சியர், ஸ்ட்ரைக்கர் மூன்றும் இலகுவாகின்றன; கூடவே மெக்கானிக்கல் டிஸ்கனெக்டர் (ஸ்லைடு முழுதாக மூடாதபோது டிரிக்கரின் இணைப்பைத் துண்டிக்கும் பாகம்) ஒன்றும் சேர்கிறது. அதற்கு ஸ்லைடிலும் வெட்டு தேவை. அதனால்தான் இதை வீட்டு மேசையில் செய்ய முடியாது. சில வாரம் துப்பாக்கி கையில் இருக்காது என்பது மட்டுமே இழப்பு.

இடுப்பில் சுமக்கும் துப்பாக்கி என்றால் தொழிற்சாலை வழிதான் சரி. பழையதை வாங்குபவர், மேம்படுத்தல் நடந்ததா என்று வரிசை எண்ணைக் கொடுத்து நிறுவனத்திடமே கேட்க வேண்டும். டிரிக்கர் மெலிதாக இருப்பது மட்டும் சான்றாகாது. அதை யாரும் மாற்றியிருக்கலாம்.