சுங்கை சிப்புட்ல இங்கிலீஷ் டியூஷன், நாலு மாச அனுபவம்

மகள் இந்த வருஷம் படிவம் 5, எஸ்பிஎம் (மலேசியாவுல பள்ளி முடிக்கிறப்ப எழுதுற அரசாங்கப் பரீட்சை) இருக்கு, அதனால டவுன்ல ஒரு கடைக்கு மேல் மாடியில நடக்குற இங்கிலீஷ் டியூஷன்ல சேர்த்தேன், வாரம் ரெண்டு நாள், மாசம் 60 வெள்ளி (ரிங்கிட்). முன்னாடி போன இடத்துல (பேர் வேணாம்) தாள் தாளா குடுப்பாங்க, டிஸர்ன் (discern), டிஸ்டிங்குவிஷ் (distinguish) ரெண்டுக்கும் பக்கத்துல "வேறுபடுத்து"ன்னு ஒரே அர்த்தம் போட்டிருக்கும், பிள்ளையும் இதுக்கு அத அதுக்கு இதன்னு எழுதி மார்க்கு போச்சு.

இங்க டீச்சர் அந்த ரெண்டு வார்த்தைக்கே ஒரு மணி நேரம் எடுத்தாங்க. அன்னைக்கு நல்ல மழை, நானும் பின்னால உட்கார்ந்து முழுசா கேட்டேன். விடியக்காலையில பனிமூட்டம், பால்மரக் (ரப்பர்) காட்டுக்குள்ள ஏதோ அசையுது, உத்து உத்துப் பார்த்தப்புறம்தான் ஆளுன்னு பிடிபடுது, அதுதான் டிஸர்ன்னாங்க. லேசுல தெரியாதத கண்ணாலயோ புத்தியாலயோ கண்டுக்கிறது. லத்தீன்ல அதோட வேருக்கு சலிச்சுப் பிரிக்கிறதுன்னு அர்த்தமாம், கேட்டதும் எனக்கு எங்கம்மா மாவு சலிக்கிறதுதான் கண்ணுல வந்துச்சு. எழுதுறப்ப நடுவுல எஸ்ஸும் வரும் சியும் வரும், ஒன்ன விட்டுடக் கூடாது.

டிஸ்டிங்குவிஷ்னா இது வேற அது வேறன்னு பிரிச்சுச் சொல்றது. செம்பனைப் பழத்த (பாமாயில் எடுக்குற பழம்) வெட்டுனா டூரா ரகத்துக்கு ஓடு தடிப்பு, டெனேரா ரகத்துக்கு ஓடு மெல்லிசு, சுத்தி நார் வளையம் இருக்கும், இது இன்ன ரகம்னு சொல்லிடலாம்ல, அது. தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துட்டாங்க, பாதிப் பேரு வீட்ல அப்பா செய்யிற வேலையாச்சே. டூரா ஃப்ரம் டெனேரான்னு எழுதலாம், பிட்வீன் டூரா அண்ட் டெனேரான்னும் எழுதலாம், ஆனா பிட்வீன் போட்டுட்டு அப்புறம் ஃப்ரம் போடக் கூடாது. மகள் கட்டுரை பூரா அந்தத் தப்புதான் இருந்துச்சு, இதுவரைக்கும் யாருமே சொல்லிக் குடுக்கல.

குறையும் இருக்கு. ரூம் சின்னது, இருபது பேருக்கு ஒரே ஃபேன். எஸ்பிஎம் இங்கிலீஷ்ல இப்ப பேச்சுத் தேர்வும் கேட்டல் தேர்வும் சேர்த்து நாலு தாள், இவங்க பேசுறதுக்கு நேரமே ஒதுக்க மாட்டேங்கிறாங்க, ரெண்டு தடவை கேட்டுட்டேன், அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க. கார் நிறுத்தவும் இடம் கிடையாது.

ஆனாலும் பிள்ளைய மாத்த மாட்டேன். போன வாரம் ராத்திரி மொட்டை மாடியில நின்னுக்கிட்டு "மலை தெரியுதாம்மா, இப்ப டிஸர்ன் போடலாம்"னு அவளா சொல்றா. சனிக்கிழமை வகுப்பு நிறைஞ்சிருச்சு, புதன் சாயந்திரம் இன்னும் இடம் இருக்கு.