பெர்லினில் டிக்கெட்டும் பயணமும்: நீண்ட நாள் பயணியின் அனுபவம்

பெர்லினில் சொந்த வாகனம் இல்லாமல் பல ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறேன்; ஒன்று வாங்கலாமா என்று யோசிக்கும் நிலைகூட வந்ததில்லை. இங்கேயே குடியிருப்பவர்களை இந்த நகரத்தின் போக்குவரத்து தாராளமாகத் தாங்குகிறது. புதிதாக வந்து இறங்குபவர்களிடம் மட்டும் கடுமையாக நடந்துகொள்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். யூ-பான் என்னும் சுரங்க ரயில், எஸ்-பான் என்னும் நகர ரயில், டிராம், பஸ், நகருக்குள் ஓடும் வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். வான்சே ஏரியைக் கடந்து கிளாடோவுக்குப் போகும் எஃப்10 படகிலும் அதே டிக்கெட் செல்லும். கோடையில் தனியார் உல்லாசப் படகுக்குப் பணம் கட்டும் நண்பர்களை இந்தப் படகுக்கு இழுத்துக்கொண்டு போவது என் வழக்கம். வெள்ளி, சனி இரவுகளில் பெரும்பாலான சுரங்க ரயில்கள் விடிய விடிய ஓடுகின்றன.

சிக்கல் டிக்கெட்டில்தான். நிலையங்களில் தடுப்புக் கதவுகள் கிடையாது; நேராக நடைமேடைக்குப் போய் ரயில் ஏறிவிடலாம். ஆனால் இயந்திரத்தில் வாங்கிய தாள் டிக்கெட்டை நடைமேடையில் உள்ள சிறு பெட்டியில் நுழைத்து நேர முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். பதிக்காவிட்டால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான்: அபராதம் 60 யூரோ. பரிசோதகர்கள் பெரும்பாலும் சாதாரண உடையில் வருகிறார்கள்; கதவு மூடிய பிறகே அட்டையை எடுத்துக் காட்டுகிறார்கள். முத்திரை பதிக்காத தாளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதால் இந்த விதி என்பது புரிகிறது. ஆனாலும் பணம் கொடுத்து வாங்கியவரையும் வாங்காமலே ஏறியவரையும் ஒரே தட்டில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டிராமுக்குள் இருக்கும் இயந்திரம் உடனே செல்லுபடியாகும் டிக்கெட்டைத் தருகிறது. அதையே எல்லா இயந்திரங்களிலும், பயணி கேட்காமலே, செய்துவிடலாமே. செயலியில் வாங்கினால் முத்திரைக் கவலை இல்லை. ரயிலில் ஏறுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது கட்டண மண்டலங்கள். ஏ என்பது வட்ட ரயில் பாதைக்கு உட்பட்ட பகுதி, பி நகர எல்லை வரை, சி அதற்கு வெளியே. 2020-இல் திறக்கப்பட்ட விமான நிலையம் சி மண்டலத்தில் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து ஊருக்குள் வர ஏபிசி டிக்கெட் வேண்டும். கையில் ஏபி டிக்கெட் இருப்பவர் விமான நிலையம் போக முழு டிக்கெட் எடுக்க வேண்டாம், கூடுதல் மண்டலத்துக்கான இணைப்பு டிக்கெட் போதும். ஒற்றைப் பயண டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாறி ஏறலாம், ஆனால் வந்த வழியே திரும்பக் கூடாது. ஏபி ஒற்றை டிக்கெட் 2023-இல் 3.20 யூரோவாக இருந்து 2025-இல் 3.80 ஆனது. எப்போதாவது பயணிப்பவர்களுக்கு இது உண்மையிலேயே அதிகம்.

எனக்கு இந்தத் தொல்லைகள் 2023 மே மாதத்தோடு ஓய்ந்தன. அப்போதுதான் நாடு முழுவதும் உள்ளூர், வட்டாரப் போக்குவரத்தில் செல்லும் ஜெர்மனி டிக்கெட் மாதம் 49 யூரோவுக்கு வந்தது. 2025-இல் 58, 2026-இல் 63 என்று ஏறியும் நான் விடவில்லை. மண்டலம் இல்லை, முத்திரை இல்லை. வட்டார ரயிலில் பால்டிக் கடலோர ரோஸ்டாக் வரை இதே டிக்கெட்டில் போய் வருகிறேன். ஐசிஇ போன்ற நெடுந்தூர விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. இது மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கப்படும் சந்தா. நிறுத்த நினைத்தால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். பெயருக்கு உரியவர் மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால் அடையாள ஆவணத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் சில நாள்களுக்கு வந்தால் சந்தா வேண்டாம். 24 மணி நேர டிக்கெட் எடுத்துக் கொடுங்கள்; போகும் திசையைப் பற்றிய கவலை அதில் இல்லை. 6 முதல் 14 வயதுவரை மூன்று பிள்ளைகளை அதே டிக்கெட்டில் அழைத்துப் போகலாம், ஆறு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு எப்போதுமே கட்டணமில்லை. பெர்லினின் பிரிட்ஸ் பகுதியில் உள்ள முருகன் கோயிலுக்கு யூ7 ரயிலில் பிளாஷ்கோஅல்லே நிலையத்தில் இறங்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு எங்கே போனாலும், இறங்கும் நிலையத்தில் மின்தூக்கி ஓடுகிறதா என்பதைக் கிளம்பும் முன்பே இணையத்தில் பார்த்துவிடுங்கள்.