எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல் அமைப்பு) மாணவர்கள் தாமாகப் படிக்க: நார்த்விண்ட், ஓடூ, என்பிடெல் – எது எதற்கு?

எம்.பி.ஏ. சிஸ்டம்ஸ் பாடத்திட்டத்தில் டேட்டாபேஸ், ஈ.ஆர்.பி. (நிறுவனத்தின் எல்லாத் துறை வேலைகளையும் இணைக்கும் மென்பொருள்) என்று தலைப்புகளுக்குக் குறைவில்லை. கைவைத்துச் செய்துபார்க்கத்தான் ஒன்றும் இருப்பதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் இலவச வழிகளில் முதலிடம் மைக்ரோசாஃப்டின் பழைய மாதிரி டேட்டாபேஸான நார்த்விண்டுக்கே.

உணவுப்பொருள் ஏற்றுமதி இறக்குமதி செய்யும் ஒரு கற்பனை நிறுவனத்தின் 1996 ஜூலை முதல் 1998 மே வரையிலான விற்பனைக் கணக்கு இது. 91 வாடிக்கையாளர்கள், 77 பொருட்கள், 830 ஆர்டர்கள், 2155 ஆர்டர் வரிகள் (ஓர் ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி). டேட்டாபேஸ் கோப்பைத் திறந்து பார்க்க உதவும் டிபி பிரவுசர் ஃபார் எஸ்க்யூலைட் என்ற மென்பொருள் போதும், சர்வர் எதுவும் நிறுவ வேண்டாம். ஆனால் எஸ்க்யூலைட்டுக்கு மாற்றிய சில பதிப்புகளில் தரவை ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். இறக்கியதும் ஆர்டர்களை எண்ணுங்கள். 830 வராவிட்டால் கீழே உள்ள எந்த எண்ணும் பொருந்தாது.

இதன் உண்மையான மதிப்பு அதில் பதுங்கியிருக்கும் பொறிகளில்தான். சரக்குக் கட்டணம் ஆர்டர் டேபிளில் இருக்கிறது. அதன் சரியான கூட்டுத்தொகை 64,942.69. அந்த டேபிளை ஆர்டர் வரிகளோடு ஜாயின் செய்துவிட்டு (இணைத்துவிட்டு) கூட்டினால், ஓர் ஆர்டரில் எத்தனை பொருளோ அத்தனை முறை அதே கட்டணம் சேர்ந்து தொகை வீங்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. அலுவலக அறிக்கைகளிலும் அடிக்கடி நடக்கும் தவறு இதுவே.

விலை இரண்டு டேபிள்களில் இருக்கும். பொருள் டேபிளில் உள்ளது பட்டியல் விலை, ஆர்டர் வரியில் உள்ளது விற்ற விலை. விற்ற விலையை எடுத்து, அளவால் பெருக்கி, தள்ளுபடியைக் கழித்தால் மொத்த விற்பனை 12,65,793 வரவேண்டும். கழிக்காவிட்டால் 13,54,459.

இரண்டு வாடிக்கையாளர்கள் ஒன்றுமே வாங்கவில்லை. லெஃப்ட் ஜாயின் (ஆர்டர் இல்லாத வாடிக்கையாளரையும் விடாத இணைப்பு) போட்டால் தெரிவார்கள்; அதன்பின் வேர் (WHERE) பகுதியில் ஆர்டர் தேதிக்கு நிபந்தனை வைத்தால் காணாமல் போவார்கள். நிபந்தனையை ஆன் (ON) பகுதிக்கு நகர்த்த வேண்டும். 21 ஆர்டர்களுக்கு அனுப்பிய தேதியே காலி. கெடு தாண்டி அனுப்பியவை 37 என்று எண்ணிவிடலாம். அதை மொத்த ஆர்டர்களான 830-ஆல் வகுப்பதா, அனுப்பியவையான 809-ஆல் வகுப்பதா? இது எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி) பற்றிய கேள்வி அல்ல, நிர்வாகக் கேள்வி. அதனால்தான் பயிற்சித் தளங்களின் துண்டுதுண்டான வினாக்களைவிட இது மேல்.

அடுத்து ஓடூ என்ற ஈ.ஆர்.பி. மென்பொருள். ஆன்லைனில் ஒரே ஒரு ஆப்தான் இலவசம். கொள்முதலும் சரக்கிருப்பும் சேர்ந்து வேண்டும் என்பதால் கம்யூனிட்டி பதிப்பைக் கணினியில் நிறுவுங்கள் (போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தேவை, பிரவுசரில் 8069 போர்ட்டில் திறக்கும்). டேட்டாபேஸ் உருவாக்கும் பக்கத்தில் டெமோ டேட்டா என்ற பெட்டி இருக்கும். அதை டிக் செய்து ஒன்று, செய்யாமல் ஒன்று என இரண்டு உருவாக்கிக்கொள்வது நல்லது.

10 பெட்டிக்குக் கொள்முதல் ஆர்டர் போடுங்கள், 8 வந்ததாகப் பதியுங்கள், மீதி 2-ஐ பேக்ஆர்டராக (பிறகு வரவேண்டிய பாக்கியாக) விடுங்கள். பிறகு பில் உருவாக்கினால், பொருளின் அமைப்பு 'பெற்ற அளவு' என்றிருந்தால் 8-க்கும், 'ஆர்டர் அளவு' என்றிருந்தால் 10-க்கும் பில் வரும். பாடநூலில் பல பக்கம் பிடிக்கும் கொள்முதல் கட்டுப்பாடு இந்த ஒரு அமைப்பில் புரிந்துவிடும். கையிருப்பைக் கணக்கிடும்படி பொருளை அமைக்க மறந்தால் சரக்கு வந்ததைப் பதிந்தும் இருப்பு எண் நகராது. புதியவர்கள் திகைப்பது பெரும்பாலும் இங்கேதான். முழுக் கணக்குப்பதிவு எண்டர்பிரைஸ் பதிப்பில் மட்டுமே என்பது குறை.

ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஆன்லைன் படிப்புத் தளமான என்பிடெல் கோட்பாட்டுக்கும் சான்றிதழுக்கும் ஏற்றது. ஜனவரி, ஜூலை என இரு பருவம். வீடியோ இலவசம், தேர்வுக்குக் கட்டணம். 12 வாரப் படிப்பில் சிறந்த 8 அசைன்மென்ட்டுகளின் சராசரிக்கு 25 மதிப்பெண், மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என இரண்டையும் தனித்தனியாக எட்ட வேண்டும். தேர்வில் 70 வாங்கினாலும் வாராந்தரக் கெடுக்களைத் தவறவிட்டு அசைன்மென்ட்டில் 10-ஐ எட்டாதவருக்குச் சான்றிதழ் கிடையாது. வினாக்கள் பெரும்பாலும் தெரிவு வகை என்பதால் கைவேலை இதில் வராது.

சி.ஆர்.எம். (வாடிக்கையாளர் உறவு மேலாண்மை) மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸின் பயிற்சித் தளம் ட்ரெயில்ஹெட்டும் இலவசம்தான். சி.ஆர்.எம். வேலைக்கு விண்ணப்பிப்பவர் மட்டும் அதில் நேரம் செலவிட்டால் போதும்; மற்றவர்களுக்கு அது பேட்ஜ் சேர்க்கும் விளையாட்டாகவே முடியும்.