சூரிய நீராவி ஜெனரேட்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கடலூர், புதுச்சேரி பக்கம் யாராவது மாடியில் சூரிய நீராவி ஜெனரேட்டர் (வெயிலைக் கண்ணாடி டிஷ்ஷால் குவித்து, வரும் நீராவியில் மின்சாரம் எடுக்கும் அமைப்பு) அமைக்க நினைத்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 45,000 ரூபாய். உயிர் போகாமல் இருந்தது பெரியப்பாவால்.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. சொந்தமாகக் கொஞ்சமாவது மின்சாரம் எடுக்கணும் என்ற ஆசை அப்போது வந்தது. ஆரோவில் சோலார் கிச்சன் மாடியில் இருக்கும் 15 மீட்டர் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்ததும் ஆசை முற்றிவிட்டது. அது சமையலுக்கு நீராவி தருவது, மின்சாரத்துக்கு அல்ல. அந்த வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

புதுச்சேரி போகிற வழியில் ஒரு பட்டறை. எட்டடி டிஷ், பாய்லர், பழைய கம்ப்ரசரை மாற்றிச் செய்த இன்ஜின், டைனமோ எல்லாம் சேர்த்து 70,000 ரூபாய் என்றார் பட்டறைக்காரர். "ஒரு கிலோவாட் கண்டிப்பா வரும் சார்." வரவே வராது. நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குக் கிடைப்பது சுமார் 1,000 வாட். எட்டடி டிஷ்ஷின் பரப்பு நாலரை சதுர மீட்டர். கண்ணாடியிலும் பாய்லரிலும் பாதி போய்விடும். மீதியில் பத்தில் ஒரு பங்கை இந்தச் சின்ன இன்ஜின் மின்சாரமாக மாற்றினாலே பெரிய விஷயம். ஆக 200 வாட் பக்கம்தான். மேகம் மூடினால் அதுவும் இல்லை, சோலார் பேனலாவது கொஞ்சம் தரும்.

ஐந்து மாதம் இழுத்தடித்துக் கொண்டுவந்து இறக்கினார். டிஷ்ஷில் ஒட்டியிருந்த கண்ணாடித் தாள் உப்புக்காற்றில் ஒரே மாதத்தில் உரிந்தது. அதைக்கூட மன்னித்துவிடலாம்.

சர்க்கரை ஆலை பாய்லரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியப்பா வந்து, முதலில் சேஃப்டி வால்வில் கை வைத்தார். அதன் வாய்க்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ கெட்டியாக இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தார். எம்-சீல். வால்வு ஒழுகியிருக்கிறது, அதனால் அழுத்தம் மிஞ்சினால் நீராவி வெளியேற வேண்டிய வழியையே பட்டறைக்காரர் அடைத்துக் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, இதை வெயிலில் வைக்காதே" என்றவர், பாய்லர் முழுக்கத் தண்ணீர் நிரப்பிக் கைபம்பால் அழுத்தம் ஏற்றினார். தண்ணீர் அழுந்தாது, அதனால் பாய்லர் பிளந்தாலும் வெடித்துச் சிதறாது. சதுர சென்டிமீட்டருக்கு ஆறு கிலோ அழுத்தம் தாங்கும் என்று விற்ற பாய்லர் அது. அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் நாலைத் தொடும் முன்பே வெல்டிங் ஜாயின்ட் வாய்விட்டு, ஊசி மாதிரி தண்ணீர் பீய்ச்சிக் கைப்பிடிச் சுவரில் அடித்தது. நீராவியாக இருந்திருந்தால்? தண்ணீர் நீராவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரியும். என் பிள்ளைகள் தினமும் விளையாடும் மாடி அது.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தேன். "தண்ணி ஊத்தி டெஸ்ட் பண்ணச் சொன்னது யாரு? வெயில்ல வெச்சிருந்தா ஓடியிருக்கும்" என்றார். அப்புறம் போனை எடுப்பதில்லை.

மீதிப் பணத்தைத் தண்ணீர் டெஸ்ட் உங்கள் கண்முன் முடிந்த பிறகே கொடுங்கள். சொன்ன அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தப் பக்கம் பட்டறையில் செய்த பாய்லரை ஏற்கெனவே மாடியில் வைத்திருப்பவர்கள், இன்றைக்கே டிஷ்ஷை வெயிலுக்கு முதுகு காட்டித் திருப்பிவிட்டு, பாய்லர் நன்றாக ஆறியதும் சேஃப்டி வால்வின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.