காளையின் கதறலிலிருந்து தம்புரா வரை: சில ஜாஸ் இசைத்தட்டுகள்

ஜாஸ் கேட்கத் தொடங்க எந்தத் தட்டை வாங்கலாம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள தமிழ் நண்பர்கள் கேட்கும்போது, மைல்ஸ் டேவிஸ் 1959இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ'வின் பெயரை நான் சொல்வேன் என்று எதிர்பார்க்கிறார்கள். அது பெரும் படைப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது, டெனர் சாக்ஸபோன் கலைஞர் வின்ஸ்டன் மன்குன்கு ந்கோசியின் 'யாகல் இன்கோமோ'. 1968இல் வெளிவந்த இத்தட்டின் கலைஞர் பட்டியலில், பியானோவுக்கு நேராக லயோனல் பிள்ளை என்ற பெயர் இருக்கிறது. யார் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்பதைக்கூட இனத்தை வைத்து அரசு தீர்மானித்த காலத்தில், ஒரு பிள்ளையும் ஒரு ந்கோசியும் ஒரே அறையில் அமர்ந்து இப்படி வாசித்திருக்கிறார்கள் என்பதை அறிந்த பிறகு, இந்த இசை அயலார் சொத்து என்று நம்மவர் யாரும் சொல்ல முடியாது.

தலைப்பின் பொருள் காளையின் கதறல். தலைப்புப் பாடலில் பேஸும் பியானோவும் ஒரே சுழற்சியைப் பொறுமையாகத் திரும்பத் திரும்ப வாசிக்க, அதன் மேல் சாக்ஸபோன் முதலில் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கி, சிறிது சிறிதாக மேலேறி, உண்மையிலேயே தொண்டை அடைத்த ஒரு விலங்கைப் போல் கதறுகிறது. கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனில் கமகங்களைக் கேட்டுப் பழகிய காது, இங்கே சுரம் வளையும் இடங்களைத் தானாகவே கண்டுகொள்ளும். முதல் பக்கத்தின் மற்றொரு பாடல், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர்களான ஜான் கோல்ட்ரேனுக்கும் வெய்ன் ஷார்ட்டருக்கும் செலுத்திய காணிக்கை. இரண்டாம் பக்கத்தில் இருப்பவை பிறர் இயற்றிய பாடல்கள். நன்றாகவே வாசித்திருக்கிறார்கள், ஆனால் முதல் பக்கத்தின் தீ அங்கில்லை.

அடுத்தது பியானோ கலைஞர் அப்துல்லா இப்ராகிம் 1974இல் கேப் டவுனில் பதிவு செய்த 'மன்னன்பர்க்'. நம் குடும்பங்களைப் பழைய வீடுகளிலிருந்து பெயர்த்து டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் குடியேற்றிய, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த அதே குழுப் பகுதிச் சட்டம்தான், கேப் டவுனின் ஆறாம் வட்டாரத்து மக்களை மன்னன்பர்க் போன்ற இடங்களுக்குத் துரத்தியது. அந்தக் குடியிருப்பின் பெயரைத் தாங்கிய இப்பாடல் பதின்மூன்று நிமிடங்களுக்கு மேல் ஓடி, ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது. பியானோவின் சுத்தியல்களில் உலோக ஊசிகளைச் செருகியதால் எழும் தகரம் கலந்த அந்த ஒலி, கறுப்பின மக்களின் நகர்ப்புறக் குடியிருப்புகளில் ஒலித்த மராபி என்னும் பழைய நடன இசையின் கூடங்களை நினைவூட்டுவதற்காகத் திட்டமிட்டே செய்யப்பட்டது. பேசில் கோட்சியின் சாக்ஸபோன் நுழையும்போது அது துக்கமா கொண்டாட்டமா என்று பிரித்துச் சொல்ல என்னால் இன்றுவரை முடியவில்லை. இத்தட்டைத் தயாரித்த ரஷீத் வாலி, ஜோகன்னஸ்பர்கில் கோஹினூர் என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தியவர். பெரிய நிறுவனங்கள் தயங்கிய இசையைப் பதிவு செய்ய ஒரு கடைக்காரர் முன்வந்தார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

இந்த இரண்டும் பழகிய பிறகு, சோதனை முயற்சிகளின் பக்கம் அச்சமின்றிப் போகலாம். அதற்கு வாசல் நம் ஊரிலேயே இருக்கிறது. 1955இல் டர்பனில் பிறந்த பெக்கி ம்செலெக்கு, சிறுவயது விபத்தில் வலக்கையின் இரண்டு விரல்நுனிகளை இழந்தும் பியானோவில் தேர்ந்தவர். அவருடைய 'செலிப்ரேஷன்' (1992) தவறவிடக் கூடாதது. அவர் சாக்ஸபோனும் வாசித்தார். ஜான் கோல்ட்ரேன் 'எ லவ் சுப்ரீம்' பதிவில் பயன்படுத்திய ஊதுவாயை அவருக்குப் பரிசளித்தவர் ஜானின் மனைவியும் இசைக் கலைஞருமான ஆலிஸ் கோல்ட்ரேன்.

அந்த ஆலிஸின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (1971) தமிழர் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய தட்டு. தலைப்பில் உள்ள சுவாமி சச்சிதானந்தர் கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். அவருடைய குருவான சிவானந்தரின் பெயர் டர்பன் வீடுகளுக்குப் புதிதல்ல. தம்புரா ஒலிக்க, செசில் மெக்பீயின் பேஸ் ஒரே நடையைச் சுற்றிச் சுற்றி வர, நம் பழைய யாழின் உறவான ஹார்ப்பில் ஆலிஸ் நீர் தெறிப்பதைப் போல் சுரங்களைச் சிதறவிடுகிறார். கச்சேரி கேட்டு வளர்ந்தவருக்கு ஒன்று உறுத்தக்கூடும்: இங்கே தம்புரா சுருதிக்கு ஆதாரமாக நிற்கவில்லை, ஒரு வண்ணமாகவே கலக்கிறது. எனக்கும் முதலில் உறுத்தியது. பின்னர் ஃபாரோ சாண்டர்ஸின் சோப்ரானோ சாக்ஸபோன் ஆலாபனைபோல் அவசரமின்றி விரிவதைக் கேட்கக் கேட்க, அந்தக் குறை மறைந்துவிட்டது.

இவை அனைத்திலும் கடினமானது 'புளூ நோட்ஸ் ஃபார் மொங்கேசி' என்ற இரட்டைத் தட்டு. இனவெறி ஆட்சியிலிருந்து தப்ப 1964இல் நாட்டை விட்டு வெளியேறிய புளூ நோட்ஸ் குழுவின் எக்காளக் கலைஞர் மொங்கேசி ஃபேசா, 1975 டிசம்பரில் லண்டனில் முப்பது வயதில் இறந்தார். சில நாட்களில் எஞ்சிய நால்வரும் ஓர் ஒத்திகை அறையில் கூடி, முன்னேற்பாடு எதுவுமின்றி வாசித்தார்கள். இதில் பாடல் என்று பிரித்தெடுக்க எதுவுமில்லை. டூடூ புக்வானாவின் சாக்ஸபோன் அலறுகிறது. லூயி மொஹோலோவின் டிரம்ஸ் தாளத்தைக் கட்டுவதும் உடைப்பதுமாக இருக்கிறது. ஜானி ட்யானி பேஸை வாசித்துக்கொண்டே கோசா மொழியில் பேசியும் பாடியும் போனவனை அழைக்கிறார். இதை ஜாஸ் என்று எண்ணிக் கேட்டபோது எனக்குப் பிடிபடவில்லை. ஒப்பாரி என்று உணர்ந்த நாளில் பிடிபட்டது. இரண்டு தட்டுகளையும் ஒரே அமர்வில் கேட்க வேண்டியதில்லை. ஒரு பக்கத்தை மட்டும், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாத ஓர் இரவில், ட்யானியின் குரல் தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள்.